தாடிக்காரருக்கு ஒஸ்லோவில் போட்ட மாலை

ஒஸ்லோவில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குக் கல்யாண நாள் குறித்தபோது ஒருவரும் பேஸ்போல் அட்டவணையைப் பார்க்கவில்லை. சாதகத்தைப் பார்த்தார்கள், மண்டபத்தைப் பார்த்தார்கள், நோர்வேயின் இன்னொரு நகரமான ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் லீவைப் பார்த்தார்கள். எல்லாம் பார்த்து, செப்டெம்பர் முடிகிற சனிக்கிழமை என்று முடிவு செய்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஞாயிறு, நான் வாழும் ரொறொன்ரோவில் பருவத்தின் கடைசி ஆட்டம். எங்கள் நகரத்து அணிக்குப் பதினொரு வருடம் ஆடிய பதினேழாம் இலக்கக்காரர் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெறுகிறார்.

நான் தாய்மாமன். போகாமல் இருக்க முடியாது. "ஒரு கிழமை பிந்தி வைச்சால் என்ன?" என்று தங்கையிடம் தொலைபேசியில் ஒரு முறைதான் கேட்டேன். "அண்ணை, உங்களுக்கு எழுபத்திரண்டு வயது. கதைக்கிற கதையே இது?" என்றாள். என் வயது எழுபத்தொன்றும் ஏழு மாதமும். அதைத் திருத்தினேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பதினேழாம் இலக்கக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து அனுப்புகிற ஆளும் இல்லை. அவருடைய திறமை அடிக்காமல் இருப்பது. பேஸ்போலில் பந்தெறிபவர் எல்லைக்கு வெளியே நான்கு முறை எறிந்தால், துடுப்போடு நிற்பவர் ஒன்றும் செய்யாமல் முதல் தளத்துக்கு நடந்து போகலாம். எல்லைக்குள் மூன்று விழுந்தால் அவர் வெளியே. அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. பந்து அதைத் தொட்டதா, ஒரு விரற்கடை விலகியதா என்று அரை நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நான் இலங்கை நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்து எல்லைக்கல் பார்த்தவன். இந்த மனிதரின் கண்ணைப் போல ஒரு கண்ணை நான் திணைக்களத்தில் கண்டதில்லை.

அவர் ஆடத் தொடங்கிய வருடத்தில்தான் நானும் மனைவியும் கனடாவில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு விசாரணைக்காகக் காத்திருந்தோம். செய்ய ஒரு வேலையும் இல்லை. தொலைக்காட்சியில் ஒருவர் துடுப்பைத் தோளில் சாத்திவிட்டு அசையாமல் காத்திருந்தார். காத்திருந்ததற்கு அவருக்கு ஒரு தளம் கொடுத்தார்கள். அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். அவருடைய ஒவ்வொரு நடையையும், நில அளவைக் களப்புத்தகம் எழுதுகிற மாதிரி, முதலில் பென்சிலால் எழுதி, சரிபார்த்து, பிறகு பேனையால் எழுதினேன். தொலைக்காட்சி இல்லாத நாளில் வானொலி.

நான் புறப்பட்ட அன்று என் கணக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. பத்திரிகையின் கணக்குத் தொள்ளாயிரம். இந்த ஒன்று வித்தியாசம் பல வருடமாக இருக்கிறது. பிழை பத்திரிகையினுடையது என்று ஆசிரியருக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது பக்கம். பதில் இல்லை. கடைசி ஆட்டத்தில் அவர் ஒரு முறை நடந்தால் போதும், என் கொப்பியிலும் தொள்ளாயிரம் வந்துவிடும். அதன் பிறகு பத்திரிகை என்ன எழுதினாலும் எனக்குக் கவலை இல்லை.

மனைவிக்கு முழங்கால் வருத்தம், வரவில்லை. அவர் பதினொரு வருடமும் பக்கத்து நாற்காலியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டு இருந்தவர். ஆட்டக்காரரின் பெயர்கூடத் தெரியாது, "தாடிக்காரன்" என்றுதான் சொல்வார். ஞாயிறன்று தொலைபேசியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பிடிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். கொப்பியையும் அவரிடமே விட்டேன். விமானத்தில் பெட்டிகள் தொலைவதை நான் அறிவேன்.

வியாழன் காலை ஒஸ்லோ. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் ரயில் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று ஒரு பலகையில் போட்டிருந்தது. கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அத்தனை நிமிடத்தில்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு நாட்டுக்கு வந்த முதல் மணித்தியாலத்திலேயே குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் போவது ஒரு கிழவனுக்கு நல்ல தொடக்கம் இல்லை.

தங்கையின் கணவர் நிலையத்துக்கு வந்திருந்தார். முப்பத்திரண்டு வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறார், கடிதம் பிரிக்கும் நிலையத்தில் வேலை. அது பகலில். மற்ற நேரமெல்லாம் ஊர்ச்சங்கத்தின் செயலாளர். அவர் கூட்டம் வைக்காத கிழமை இல்லை என்று தங்கை சொல்வாள். காரில் ஏறியதும் கேட்டார்:

"மச்சான், முகம் வாடிப்போய்க் கிடக்கு. பயணக் களைப்போ?"

நான் பதினேழாம் இலக்கக்காரரின் கதையைச் சொன்னேன். அவர்கள் வீடு இருக்கும் பியோர்ண்டால் வந்து சேரும் வரை சொன்னேன்.

"இது எங்கட எல்லே விளையாட்டுத்தானே?" என்றார்.

எல்லே இலங்கைப் பள்ளிக்கூடங்களில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. இல்லை என்றேன். கல்யாணப் பெண்ணிடமும் அன்று மத்தியானம் சொல்லிப் பார்த்தேன். அவள் இங்கே பிறந்தவள், பல்வைத்தியத்துக்குப் படித்தவள். "ஓம் மாமா, தெரியும். எங்கட ஸ்கூலிலை ஜிம் நேரம் விளையாடுறனாங்கள். ஸ்லோபால்" என்றாள். அதுவும் இல்லை என்றேன். உலகத்தில் எல்லா ஊரிலும் ஒருவர் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடியிருக்கிறார். அடிக்காமல் நிற்பதை ஒரு கலையாக்கியது ஓரிடத்தில் மட்டும்தான் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பத்தில் ஆறு முடிந்திருந்தது.

அன்று மாலை தங்கை ஒரு மண்ணிறக் கட்டியைத் தட்டில் வைத்தாள். நிறமும் மினுக்கமும் எங்கள் ஊர் இனிப்பான தொதல் மாதிரியே. தொதல் என்று நம்பித்தான் பெரிய துண்டாக வாயில் போட்டேன். அது பாற்கட்டி. முதலில் இனித்தது, பிறகு உப்பு, பிறகு பல்லில் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. மச்சான் அதைச் சீவிப் பாணில் வைத்து அடுத்த நாள் வேலைக்குக் கட்டினார். ஒரு பாண் துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒவ்வொரு கடதாசி. நான்கு துண்டு, மூன்று கடதாசி. "இதுக்கெண்டே வெட்டின கடதாசி கடையிலை விக்கிறான் மச்சான்" என்றார். இந்த மக்கள் பேருந்தில் உட்காருவதும் அப்படித்தான் என்பதை வெள்ளிக்கிழமை கண்டேன். இருவர் இருக்கும் ஆசனம் பதினான்கு. ஆட்கள் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு யன்னல், பக்கத்தில் ஒரு பை. பதினைந்தாவதாக ஏறிய நான் நின்றேன். ஒருவரும் பையை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரொறொன்ரோவில் எங்கள் ஸ்காபரோப் பக்கத்துப் பேருந்தில் இதற்குள் மூன்று பேர் என் இரத்த அழுத்தத்தை விசாரித்திருப்பார்கள்.

வெள்ளி மத்தியானம் தொலைபேசி அட்டை வாங்குவதற்காகக் குறொன்லாண்ட் போனேன். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கொட்டிக் கிடக்கிற தெரு. தமிழ்க் கடை ஒன்றில் இரண்டு அட்டை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் முந்நூறு நிமிடம் என்று போட்டிருந்தது.

"தம்பி, உண்மையிலை முந்நூறு வருமோ?"

"போட்டிருக்கு, ஐயா."

"போட்டிருக்கிறது தெரியுது. வருமோ?"

கடைக்காரர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "போட்டவன் போட்டிட்டான். கதைக்கிறது நீங்கள். நடுவிலை நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். பின்னால் நின்ற பெண் சிரித்தார். "ஐயா, முந்நூறு எண்டால் நூற்றைம்பது. தாயோடை கதைச்சால் அதிலும் பாதி" என்றார்.

கடை வாசலிலேயே மச்சானின் பழைய கைத்தொலைபேசியில் மனைவியை அழைத்துச் சோதித்தேன். ஒரு நிமிடம் பேசி வைத்தேன். அட்டை இரண்டு நிமிடத்தை விழுங்கியிருந்தது. ஆகவே ஓர் அட்டைக்கு நூற்றைம்பது. ஞாயிறு ஆட்டம் சுமார் மூன்று மணித்தியாலம். இரண்டு அட்டை போதும்.

திரும்பும் வழியில்தான் அந்த அவமானம். ஹொல்ம்லியா வரை ரயில், அங்கிருந்து பேருந்து, ஏழாவது தரிப்பில் இறங்க வேண்டும் என்று தங்கை சொல்லியிருந்தாள். எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து வருவதற்குள் வீடுகள் முடிந்து காடு வந்துவிட்டது. பேருந்தில் நானும், பனியே இல்லாத நாளில் இரண்டு பனிச்சறுக்குக் கம்பு வைத்திருந்த ஒரு கிழவியும்தான். கிழவி இறங்கிக் கம்புகளை ஊன்றிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முன்னால் போய் ஆங்கிலத்தில் முறையிட்டேன். ஏழு தரிப்பு என்றார்கள், இதோடு ஐந்துதான் வந்திருக்கிறது என்றேன்.

சாரதி பாகிஸ்தான்காரர், என் வயதில் பாதி. அவர் சொன்னதன் தமிழ் இது: "ஐயா, நீங்கள் நான் நிறுத்தியதை எண்ணியிருக்கிறீர்கள். ஏறவும் இறங்கவும் ஆள் இல்லாத இடத்தில் நான் நிறுத்துவதில்லை. தரிப்பு என்பது வெளியே நடப்பட்டிருக்கும் கம்பம். அதைத்தான் எண்ண வேண்டும்."

முப்பத்து நான்கு வருடம் கம்பம் நட்டவனுக்கு இதைச் சொன்னார். திரும்பிப் போகும்போது என்னைச் சரியான இடத்தில் இறக்கிவிட்டு, மணி அடிக்கும் பொத்தானையும் தொட்டுக் காட்டினார்.

சனிக்கிழமை கல்யாணம் ஒழுங்காக நடந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒன்பது கறி. தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். தாலி கட்டிய நேரத்தில் ரொறொன்ரோவில் காலை ஐந்து மணி, பதினேழாம் இலக்கக்காரர் நித்திரையில் இருப்பார் என்று ஒரு முறை நினைத்தேன். ஒரு முறைதான்.

பிரச்சினை கல்யாணச் சாப்பாடு மிஞ்சியதில் தொடங்கியது. நான்கு பெரிய கிடாரம் சோறு, இரண்டு கறி, நூற்றெண்பது வடை. மண்டபம் ஞாயிறு இரவு பத்து மணி வரை எங்கள் கையில். சாப்பாடு, மண்டபம், ஒலிபெருக்கி மூன்றும் ஓரிடத்தில் சும்மா கிடப்பதை மச்சானால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஞாயிறு காலை தேநீரோடு வந்தார்.

"மச்சான், உங்கட ஆளுக்கு ஒரு கூட்டம் வைப்பம்."

"எந்த ஆளுக்கு?"

"அதுதான், அந்தத் தாடிக்காரனுக்கு. பதினொரு வருஷம் உங்கட மனசிலை இருந்த மனுசன். இஞ்சை நாங்கள் ஆருக்குத்தான் கூட்டம் வைக்கேல்லை? ஆறு மணிக்குச் சொல்லியிருக்கிறன்."

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சு."

ஆட்டம் ஒஸ்லோ நேரம் ஏழு மணிக்குத் தொடங்கும் என்றேன். அறைக்குள் அமைதியாக இருந்து தொலைபேசியில் கேட்பதுதான் என் திட்டம் என்றேன். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழுக்கு முடிந்துவிடும் என்றார். அவர் வைத்த எந்தக் கூட்டமும் ஒரு மணித்தியாலத்தில் முடிந்ததில்லை என்று அடுப்படியிலிருந்து தங்கை சொன்னாள். ஆனாலும் எனக்குள் ஓர் ஆசை எழுந்ததை மறைக்கப் போவதில்லை. இந்த மனிதரைப் பற்றிப் பேச பதினொரு வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன்.

மாலை மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது.

மேடையில் ஒரு மேசை. மேசையில் சட்டமிட்ட பதினேழாம் இலக்கக்காரரின் படம். மச்சான் வேலைத்தலத்தில் அச்செடுத்தது, அந்த இயந்திரத்தில் கறுப்பு மை மட்டும்தான் உண்டாம். படத்துக்கு வெள்ளைப்பூ மாலை, கல்யாணத்தில் மிஞ்சியது. படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் உதிரிப் பூ, வருகிறவர்கள் எடுத்துப் போடுவதற்கு.

"இதென்ன வேலை?" என்று தங்கையைக் கேட்டேன்.

"படம் மொட்டையாக் கிடந்தது அண்ணை. வடிவா இருக்கட்டும் எண்டு போட்டனாங்கள்."

"ஆள் உயிரோடை இருக்கிறார்."

தங்கை படத்தைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். முந்தின நாள் பட்டுக் கட்டி வந்த பெண்கள் இன்று மங்கல் நிறச் சேலை கட்டி வந்தார்கள். ஒவ்வொருவராகப் பூப் போட்டுவிட்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள். எங்கள் சனத்துக்கு மாலை போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினால் வேறு விளக்கம் தேவையில்லை.

"என்ன வயது?" என்று ஒருவர் கேட்டார்.

"முப்பத்தொன்பது."

"ச்சா. பிள்ளையள்?"

"மூண்டு பேர்."

அவர் என் தோளைத் தட்டினார். "தைரியமா இருங்கோ. வெள்ளைக்காரனெண்டாலும் பழகின ஆள்."

மச்சானை ஒரு மூலைக்கு இழுத்தேன். இதை இப்போதே ஒலிபெருக்கியில் திருத்த வேண்டும் என்றேன். அவர் மண்டபத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அறுபத்து நான்கு பேர்.

"மச்சான், கண் கலங்கி நிக்கிற சனத்திட்டைப் போய், ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? கோவிப்பினம். பேசாமல் கெதியா முடிச்சுச் சாப்பாட்டைக் குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆறு மணிக் கூட்டம் ஏழு பத்துக்குத் தொடங்கியது. இரண்டு நிமிட மௌனம் என்றார்கள். ஒரு நிமிடம் இருபது செக்கனில் முடித்துவிட்டார்கள். நான் அந்த மௌனத்தைப் பயன்படுத்தி அடுப்படிக்குப் போய் ரொறொன்ரோவை அழைத்தேன்.

"இஞ்சேருங்கோ, எங்கை போனனீங்கள்? தாடிக்காரன் ஒருக்கா வந்திட்டுப் போட்டான்" என்றார் மனைவி.

"நடந்தவரோ?"

"இல்லை. அடிச்சான், பிடிச்சுப் போட்டாங்கள்."

கடதாசியில் குறித்துக்கொண்டேன். மேடையில் பெரியவர் ஒருவர் பேசத் தொடங்கியிருந்தார். ஒஸ்லோவில் நடக்கும் எந்த அஞ்சலிக் கூட்டத்திலும் முதல் பேச்சு அவருடையதாம். "அன்னாரை நான் நேரிலை கண்டதில்லை. ஆனால் அவர் விட்டிட்டுப் போன இடம் என்ரை கண்ணுக்குத் தெரியுது" என்றார். சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே குரல் உடைந்தது. முன்வரிசையில் இருவர் மூக்கைத் துடைத்தார்கள். பேச்சு இருபத்தாறு நிமிடம். அது முடிவதற்குள் பதினேழாம் இலக்கக்காரர் இரண்டாம் முறை வந்து, மீண்டும் அடித்து, மீண்டும் பிடிபட்டார். ஓய்வு பெறுகிற நாளில் இந்த மனிதருக்கு ஏன் இந்த அவசரம் என்று அடுப்படியில் நின்று கவலைப்பட்டேன்.

வேறு நாலு பேர் பேசி முடித்த பிறகு என்னை அழைத்தார்கள். தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனேன். ஆறு பக்கத்தில் இரண்டைத்தான் படித்தேன். மிச்சத்தைப் பார்க்காமல் சொன்னேன். இந்த மனிதர் பதினொரு வருடத்தில் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது தடவை, கூட்டம் அடி அடி என்று கத்திக்கொண்டிருக்க, தனக்குரியதல்லாத பந்தைத் தொடாமல் விட்டார். ஒருவரும் அதற்காகக் கை தட்டுவதில்லை. நடந்து போகிறவனுக்கு யார் கை தட்டுவார்கள்? எனக்கு வதிவுரிமை கிடைக்க மூன்று வருடம் நான்கு மாதம் எடுத்தது. அந்த நாட்களில் நான் பொறுமையாக இருந்தேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பொறுமையாக இருக்கவில்லை, பயந்துபோய் இருந்தேன். காத்திருப்பதையும் ஒரு வேலையாகச் செய்யலாம் என்று இந்த மனிதரைப் பார்த்துத்தான் கற்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "எனக்கு இஞ்சை நாலரை வருஷம்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போது தங்கை தொலைபேசியோடு மேடைக்கே ஓடி வந்தாள். "அண்ணை, அண்ணி கூப்பிடுறா. கடைசித் தரமாம்."

மச்சானுக்கு, கூட்டத்தின் நடுவே யாராவது தனியாகத் தொலைபேசியில் பேசினால் பொறுக்காது. தொலைபேசியைப் பறித்து, ஒலியைக் கூட்டி, ஒலிவாங்கிக்கு முன்னால் பிடித்தார். யாரோ உறவினர் இரங்கல் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். என் மனைவியின் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது.

"இஞ்சேருங்கோ, தாடிக்காரன் வாறான். சனம் எல்லாம் எழும்பி நிண்டு கை தட்டுது. தொப்பியைக் கழட்டினவன். கண்ணைத் துடைக்கிறான். பாவம். இதோடை வெளியிலை எடுத்துப் போடுவினமாம்."

அறுபத்து நான்கு தலையும் படத்துக்குத் திரும்பின.

"ஆர் வாறது?" என்று முன்வரிசையில் ஒரு மூதாட்டி கேட்டார்.

"செத்தவர்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மச்சான் ஒலிவாங்கிக்குள் தொண்டையைச் செருமினார். "சபையோருக்கு ஒரு சிறு விளக்கம்" என்று தொடங்கினார். அவர் விளக்கி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் வாழ்நாளில் மிகச் சிறிய பேச்சு அதுதான். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிப்பதா என்று தெரியாமல் விளக்கைப் பார்த்தார்கள். அஞ்சலி சொன்ன பெரியவர் எழுந்து நின்றார்.

"அப்ப நான் அழுதது?"

"அது வீணாகாது அண்ணை" என்றார் நாலரை வருடக்காரர். "எப்பவோ ஒருநாள் அந்தாளும் போகத்தானே வேணும். அண்டைக்குத் திரும்பக் கூப்பிட மாட்டம்." மூதாட்டி எழுந்து போய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, மாலையையும் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உசிரோடை இருக்கிற பிள்ளைக்கு இது கூடாது" என்றார்.

"ஒண்டு வெளியிலை போட்டுது" என்றது மனைவியின் குரல். "இப்ப ஒண்டு உள்ளை. அடிக்கேல்லை. திரும்ப வெளியிலை."

நான் விதியை ஒரு வரியில் சொன்னேன்: நான்கு வெளியே என்றால் நடை, மூன்று உள்ளே என்றால் போச்சு. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. பெரியவரும் நகர்ந்தார். எல்லேயில் இப்படி நின்றால் அடி வாங்குவான் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

"உள்ளை ஒண்டு. இப்ப மூண்டாவது வெளியிலை. மூண்டுக்கு இரண்டு. கத்துறாங்கள் இஞ்சை. பந்து போடுறவன் காலைத் தூக்கிறான் இப்ப—"

தொலைபேசி இரண்டு முறை கீச்சிட்டது. அட்டையில் நிமிடம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்றைம்பது வர வேண்டியது, எண்பத்தாறுதான் வந்திருந்தது. ஆனால் அந்த மண்டபத்தில் அதன் பிறகு வந்த மௌனம் முழுதாக இரண்டு நிமிடம் பதினைந்து செக்கன். ஒருவரும் அறிவிக்காமல், ஒருவரும் குறைக்காமல் வந்தது. நான் இரண்டாவது அட்டையைத் திறப்பால் சுரண்டினேன், தங்கை பதினான்கு இலக்கத்தையும் வாசித்தாள், நான் இரண்டு முறை பிழையாக அழுத்தினேன். மூன்றாம் முறை மணி அடித்தது.

"எங்கை போட்டியள்?" என்றார் மனைவி.

"சொல்லும். நாலாவதோ?"

"இல்லை. மூண்டாவது ஸ்ட்ரைக், உள்ளையாம். அவன் அடிக்கேல்லை. பாத்துக்கொண்டே நிண்டவன். நடுவர் கையைத் தூக்கிப் போட்டார்."

"பந்து எங்கை?"

"வெளியிலை. ஒரு விரற்கடை. நடுவருக்குக் கண் தெரியேல்லை. அவன் ஒண்டும் கதைக்கேல்லை. துடுப்பைக் கீழை வைச்சிட்டு, நடுவருக்குக் கை குடுத்திட்டுப் போட்டான்."

மண்டபம் பெருமூச்சு விட்டது. நான் கடதாசியில் கோடு போட்டேன். எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. பதினொரு வருடத்துக் கொப்பி ஒன்று குறைவாக மூடப்படப் போகிறது. அழுகிற வயதில்லை எனக்கு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

"இஞ்சேருங்கோ, நிக்கிறியளோ? ஒரு கதை" என்றது ஒலிபெருக்கி. அறுபத்து நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. தடுப்பதற்கு மச்சானைப் பார்த்தேன். அவர் ஒலிவாங்கியை இன்னும் நெருக்கினார்.

"நீங்கள் கடவாய்ப் பல்லுப் பிடுங்கின அண்டைக்கு, சாய்மனைக் கதிரையிலை படுத்து நித்திரை கொண்டு போனியள். ஞாபகம் இருக்கோ? ஆறாவது இன்னிங்ஸ். குறட்டை விட்டியள். அண்டைக்கு எட்டாவதிலை தாடிக்காரன் ஒருக்கா நடந்தவன். நாலும் வெளியிலை. நான் பாத்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"காலமை எழும்பிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தொடங்கிட்டியள். நல்ல கோபத்திலை இருந்தனீங்கள். பிறகு எப்பிடிச் சொல்லுறது? அதோடை, நான் பயற்றங்காய்தான் முறிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

பெண்கள் பக்கத்தில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். எதற்கென்று தெரியாமல் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள்.

"அங்கை என்ன சத்தம்?" என்று மனைவி கேட்டார். "சரி, அதை விடுங்கோ. உங்கட கொப்பி இப்ப என்ரை மடியிலைதான் கிடக்கு. அந்தப் பல்லுப் பிடுங்கின நாளிலை ஒரு வரி இடம் இருக்கு. நீங்கள் வந்து எழுதுறியளோ, நான் எழுதட்டோ?"

காட்டோரம் நின்ற அந்தப் பேருந்து ஞாபகம் வந்தது. அன்றும் நான் நின்றதை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

"நீரே எழுதும்."

"பென்சிலாலையோ, பேனையாலையோ?"

"பேனையாலை" என்றேன்.

சாப்பிட்டு முடிய மணி ஒன்பதரை. மூதாட்டி மாலையை வீட்டுச் சாமிப் படத்துக்குப் போடக் கொண்டுபோனார். மச்சான், இப்படி ஒரு கூட்டம் நடந்து பல காலம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வடை பதினொன்று மிஞ்சியது.

திங்கட்கிழமை விமானத்தில் பத்திரிகை ஆசிரியருக்கு நான்காவது கடிதத்தை எழுதினேன். உங்கள் கணக்குச் சரி, பிழை எங்கள் வீட்டில் நேர்ந்தது என்று இரண்டே வரி. அடியில் கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டிருந்தேன்.